காவலறையில் ஒரு சில்வர் பெட்டி

தம்பித்துரையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முக்கால் மணித்தியாலத்துக்கு நூற்றெண்பது யூரோ. பேரம் பேசக்கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் தம்பிக்காரர் சிறீதரன் பேசிப் பார்த்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குப் பிணவறையிலும் வாய் சும்மா இராது.

"அண்ணி, அதே காசுக்கு ஒரு மணித்தியாலம். ஆறுதலா அழுங்கோ."

நிஷாந்தன் தகப்பனுக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். ராணுவச் சீருடையைத் தவிர்த்து, இரவல் கறுப்புக் கோட்டில் வந்திருந்தான். தாய் சிவமலர் அவன் கையைப் பற்றினாள்.

"உன்னைப் பாத்திட்டு வந்த சந்தோசத்திலதான் ராசா, மனுசன் நித்திரையிலயே போனது. கத்தரிக்காய்ப் பால்கறியை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டியாம். பதினொரு மாசக் கோவம் ஒரு பெட்டிச் சோத்தோட போச்சுது எண்டு சிரிச்சவர்."

"ஓம் அம்மா," என்றான் நிஷாந்தன்.

அவன் சாப்பிடவில்லை. தகப்பனைச் சந்திக்கவே இல்லை.

ஹனோவருக்குக் கிழக்கே உள்ள அவனது ராணுவ முகாம், இரண்டு ஜெர்மனிகள் இருந்த காலத்தில் எல்லையைக் காத்தது. எல்லை அழிந்ததும் பட்டாளம் கிளம்பியது, வெறுங்கட்டடத்தில் அகதிகளைக் குடிவைத்தார்கள். இலங்கை ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த தம்பித்துரை, ஆமிக்காரன் விட்டுப்போன கட்டிலில்தான் இரண்டு வருஷம் படுத்தார். இப்போது காக்கவேண்டிய எல்லை லித்துவேனியாவுக்குத் தள்ளிப்போய்விட்டது. அங்கே போகும் டாங்கிகள் இந்த முகாமிலிருந்துதான் ரயிலேறுகின்றன. சுவருக்குப் புதுப் பெயின்ற், உள்ளே புது ஆட்கள். அவர்களில் ஒருவனாக மகன் கையெழுத்து வைத்த அன்று தகப்பன் பேச்சை நிறுத்தினார்.

போன செவ்வாய் மத்தியானம் அவர் முகாம் வாசலுக்கு வந்தார். காவலறையிலிருந்து அழைப்பு வந்தபோது, கூட்டாளிகள் முன்னால் ஏச்சு வாங்க நிஷாந்தனுக்கு மனம் வரவில்லை. பயிற்சிக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னான். மாடி ஜன்னலால் தகப்பனின் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றேமுக்கால் மணித்தியாலம். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

வீட்டுக்குப் போன மனுசன், நடக்காத சந்திப்புக்குக் கறிவரைக்கும் விபரம் சொல்லியிருக்கிறார்.

"புதன்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவு," என்றாள் சிவமலர். "அந்தச் சில்வர் பெட்டியிலதான் அவருக்குப் படைக்கவேணும். முப்பது வருசம் வேலைக்குக் கொண்டுபோன பெட்டி. கழுவி வச்சிருக்கிறியே?"

"அம்மா, நான் அண்டைக்கு..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"வச்சிருக்கிறன்," என்றான்.

"நேரம் முடியுது," என்றார் சிறீதரன். சவப்பெட்டி மூடியைக் கொண்டுவந்தார்கள்.

மாலையில் நிஷாந்தன் முகாம் வாசலுக்குப் போனான். காவலில் நின்றவன் குளிர்பெட்டிக்குள்ளிருந்து சில்வர் பெட்டியை எடுத்து வைத்தான். பிறகு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான்.

"உன் அப்பாவுக்கு எங்கே எழுதவேண்டும் என்று நான் காட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை."

அகதியாக இருந்த இரண்டு வருஷமும் இதே வாசலில் போகவர எழுதிய கை. கொடுத்தவர்: தம்பித்துரை. பொருள்: சாப்பாடு, ஒரு பெட்டி. செவ்வாய், 13.20. வாங்கியவர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

நிஷாந்தன் பெயரை எழுதினான். திங்கள், 17.05.

காவலன் வரியை விரலால் தடவிப் பார்த்து, ஓரத்தில் சரி போட்டான். பெட்டி நிறைந்த கனத்தோடுதான் இருந்தது.