சாயாத கோடு

மூன்றாவது நாளாகக் கோடு சாயவில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஒழுங்காக ஏறிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் மேசை விளிம்பு போலத் தட்டையாகக் கிடந்தது. ஹெப்சி காலையிலிருந்து ஆய்வகத்து இயந்திரத்தின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் செய்வது எளிய வேலைதான். நகத்தளவு கண்ணாடிச் சில்லில் தங்கப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் ஆந்த்ராக்ஸ் கிருமியின் நச்சுப் புரதத்தை ஒட்டவைத்திருந்தார்கள். தோல் மண்டிகள் நிறைந்த ஜில்லாவில், தோலோடு வரும் அந்தக் கிருமிக்கு மருந்து தேடாமல் வேறெங்கே தேடுவது? புரதத்தின்மேல், அதைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி கரைந்த நீரை ஓடவிட்டால், ஆன்டிபாடிகள் ஒவ்வொன்றாக வந்து பிடித்துக்கொள்ளும். மேலே கனம் கூடக் கூட, தங்கத்தின் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் நகரும். அந்த நகர்வுதான் திரையில் ஏறும் கோடு. பிறகு வெறும் உப்புநீர். பிடியை விட்டவை அதில் அடித்துப் போகும், கோடு சாயும். எவ்வளவு மெதுவாகச் சாய்கிறதோ அவ்வளவு உறுதியான பிடி.

சாயவே இல்லையென்றால் கணக்குப்போட ஒன்றுமில்லை. ஆனால் கணினிக்கு வெட்கம் கிடையாது, ஏதோ ஓர் எண்ணைத் துப்பும். திங்களன்று ஐந்து பிகோமோலார், செவ்வாயன்று நாற்பது, இன்று அரைக்கும் கீழே. எண் சிறுத்தால் பிடி பெரிது என்று அர்த்தம். துறைத்தலைவர் டாக்டர் ஞானசீலன் மூன்றையும் பார்த்துவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல அரையைப் பொறுக்கிக்கொண்டார்.

அவர் அந்தச் சில்லைக் கையால் தொட்டதில்லை. அது வந்த பெட்டியோடு மட்டும் ஒரு படம் எடுத்துத் தன் அறையில் மாட்டியிருந்தார்.

"ஒலகத்துலயே ஸ்ட்ராங்கான ஆன்டிபாடி நம்மளுது. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போவுது. கையெழுத்து போட்டுடும்மா."

"கோடு சாயவே இல்ல சார். அந்த நம்பர் மெஷின் சும்மா சொல்றது."

"எம்பது லட்ச ரூபா மெஷின் சும்மா சொல்லுது, பி.எஸ்ஸி. படிச்ச நீ சொல்றது நெஜம். அப்டித்தான?"

அறிக்கையின் அடியில் 'அளந்தவர்' என்று ஒரு கோடிட்ட இடம் இருந்தது. டாக்டரின் பெயர் முதல் பக்கத்தில் வரும், பழி அந்த இடத்தில்தான் வரும். அவளுக்கு முன் அந்த இடத்தில் கையெழுத்திட்ட நெல்வின், எண் பொய்த்த மறு வாரமே வேலையை இழந்து, இப்போது வாலாஜாபேட்டையில் மருந்துக்கடையில் நிற்கிறான். அவன்மேல் அவளுக்கு இரக்கம் வந்ததில்லை. பார்க்காமல் போட்டவன் அவன். அவளால் பார்க்காமல் போட முடியாது, பார்த்தாலும் புரியவில்லை.

மாலை ஆம்பூர் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பள்ளிகொண்டாவில் உள்ளே இருந்த ஓர் அம்மாளுக்கு வழிவிடப் படிக்கட்டில் தொங்கியவர்கள் ஆறு பேரும் இறங்கினார்கள். அந்த அம்மாள் இறங்கியதும் ஆறு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

"இறங்குற மாதிரி இறங்கி ஏறுறானுங்களே, இவனுங்களுக்கு வேற பஸ்ஸே இல்லியா?" என்றார் கண்டக்டர் சத்தார்.

"எடம் இங்கதான பாய் இருக்குது," என்றான் ஒருவன்.

ஹெப்சி கம்பியைப் பிடித்தபடியே தன்னைத் திட்டிக்கொண்டாள். 'காசு குடுத்து வாங்குன சில்லு, ஒரு எடம் காலியா உடாத' என்பது டாக்டரின் கட்டளை. ஒரே சில்லை மாதக்கணக்கில் ஓட்டுவது துறையின் வழக்கம். அவளும் புரதத்தை நெருக்கி நெருக்கி அடைத்திருந்தாள். பிடி விட்ட ஆன்டிபாடி நீரோடு போவதற்குள் பக்கத்துப் புரதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆன்டிபாடிக்கு இரண்டு கை வேறு. ஒன்று விட்டாலும் மற்றது விடாது. இறங்குகிறது, ஏறிக்கொள்கிறது, கோட்டுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்கு மூன்று மாதம் கைகொடுத்தவள் அவளேதான்.

வியாழனன்று உப்புநீரில் அதே புரதத்தைத் தாராளமாகக் கலந்து ஓடவிட்டாள். பிடி விட்டதை நீரில் மிதக்கும் புரதம் பிடித்துக்கொள்ளும், சில்லுக்குத் திரும்ப விடாது. கோடு சாய்ந்தது.

டாக்டர் எட்டிப்பார்த்தார். "இன்னா ஆச்சு? மெஷினக் கெடுத்துட்டியா?"

"இல்ல சார், இப்பத்தான் சரியா பேசுது. நேத்து வரைக்கும் விட்டதே மறுபடி போயி ஒட்டிக்கிச்சு."

"அப்ப நம்மளுது ஸ்ட்ராங் இல்லியா?"

"ஸ்ட்ராங்தான் சார். ஒலகத்துலயே இல்ல."

அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். அறிவியல் தனக்குச் செய்த துரோகத்தை அவர் அப்படித்தான் தாங்கிக்கொள்வார். "எனக்கு அரைதான் வேணும்," என்றார் மெதுவாக.

"அரைக்கு நீங்களே கையெழுத்து போட்டுக்குங்க சார்."

இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் பேனாவை எடுத்தார், கோடிட்ட இடத்தைப் பார்த்தார், பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

புதிய சில்லில் ஆன்டிபாடியையும் புரதத்தையும் இடம் மாற்றி ஓட்டியதில் வெள்ளி மதியம் எண் வந்தது: நூறு பிகோமோலார். மூன்று முறை ஓட்டியும் நூறை ஒட்டியே வந்தது. எந்தத் தாளை அனுப்புவது என்பது டாக்டரின் பாடு. ஹெப்சி தன் தாளில் கையெழுத்திட்டு, அளந்த விதத்தை அதன் கீழே எழுதினாள்:

புதிய சில்லில் ஆன்டிபாடியைக் கை இல்லாத வால் பக்கமாகப் பிடித்து, மிகக் கொஞ்சமாக, இடைவெளி விட்டு வைக்கவும். ஒற்றைப் பிடி மட்டுமே உள்ள புரதத்தை அதன்மேல் வேகமாக ஓடவிடவும். உப்புநீரைப் பத்து நிமிடம் அல்ல, இரண்டு மணி நேரம் விடவும். வெறும் நீரை ஓட்டிக் கிடைத்த கோட்டை இதிலிருந்து கழிக்கவும். கோடு நூற்றில் ஏழு பங்கு சாயும். கணக்குப்போட அது போதும்.