துட்டி கேட்கப் போன பத்தாம் வகுப்பு

மலைமேல் இருக்கும் போளூர்ப் பள்ளிக்கூடத்தில் சுமலதா தற்காலிக ஆசிரியை. அந்தத் தற்காலிகம் நீளுமா, முடியுமா என்பது பள்ளிக் குழுத் தலைவர் பெரியண்ணன் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் தலையாட்டினால் இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தானா இரண்டாம் உலகப் போர் பாடம் வர வேண்டும்? ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்றதும், பதினோரு பிள்ளைகளும் அதை ஒரு மதிப்பெண் விடையாக எழுதிக்கொண்டு அடுத்து என்ன என்று பார்த்தார்கள். சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர், குழந்தை என்று பாராமல் ரயிலில் அடைத்துக் கொண்டுபோனதை, விஷவாயு வைத்துக் கொன்றதை, தப்பிப் பிழைத்தவர்கள் வீடு திரும்பியபோது கதவைத் திறக்க ஆளில்லாமல் நின்றதை எல்லாம் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"பெரியண்ணன் ஐயா விடுதியில மூணு வாரமா தங்கியிருக்காருல்ல, ஆரோன் தாத்தா, அவரும் யூதர்தான். அவங்க அப்பா கூடப் பொறந்த அஞ்சு பேரையும் இப்படித்தான் கொன்னுட்டாங்களாம். அவரே எங்கிட்டச் சொன்னாரு."

பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்தார்கள். பாடம் நன்றாக இறங்கிவிட்டது என்று சுமலதா தன்னையே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தால் வகுப்பில் ஈ காக்கை இல்லை. கரும்பலகையில் வகுப்புத் தலைவி தேவசேனாவின் குண்டு குண்டான எழுத்து: 'துட்டி கேட்கப் போறோம் டீச்சர். வெரசா வந்துருவோம்.'

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எத்தனை நாள் கழித்துத் தெரிந்தாலும் போய்த் துட்டி கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் விட்டால் ஜென்மத்துக்கும் பகைதான். அதற்காக எண்பது வருடத்துக்கு முந்தைய சாவுக்கு, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரிடமா? சுமலதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூண்டு வயல் வரப்பில் ஓடினாள்.

விடுதி வாசலில் பெரியண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சரம்மா இது? மனுசன் வணக்கம் சொன்னா இதுக பதிலுக்குச் சொல்லலை. டீ குடுத்தா குடிக்கலை. சிரிச்சா தலையைக் குனியுதுக. அவரு மெரண்டு போய்க் கெடக்காரு. ஒத்தை ஸ்டார் போட்டுட்டுப் போனாருன்னா அப்புறம் எவன் வருவான் இங்க? இருக்கட்டும், வெள்ளிக்கிழமை பேசிக்கிறேன்."

உள்ளே, துட்டி வீட்டு வழக்கப்படி பையன்கள் ஒவ்வொருவராக இரண்டு கைகளையும் நீட்டி ஆரோனின் கையைத் தொட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். தேவசேனா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?" என்று ஆரோன் சுமலதாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர்களுக்காகத் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். துக்க வீட்டில் வணக்கம் சொல்ல மாட்டோம். கிளம்பும்போது போய்வருகிறோம் என்றும் சொல்ல மாட்டோம்" என்று விளக்கினாள்.

ஆரோன் சொல்லச் சொல்ல, சுமலதா பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னாள்.

"அவங்கள்லயும் இதே வழக்கம்தானாம். செத்தவங்க வீட்டுக்காரங்க ஏழு நாள் தாழ்வா உக்காரணுமாம். வர்றவங்க வணக்கம் சொல்லக் கூடாதாம். ஆனா அந்த அஞ்சு பேரும் என்னைக்குச் செத்தாங்கன்னே தெரியாததால, அவங்க அப்பா உக்காரவே இல்லையாம். உக்காராத வீட்டுக்குத் துக்கம் கேக்க யாரு வருவான்னு கேக்குறாரு."

சொல்லி முடிப்பதற்குள் ஆரோன் நாற்காலியிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க பேரெல்லாம் என்னங்க தாத்தா?" என்று கேட்டாள் தேவசேனா.

"மிரியம். யோசேப். ஹன்னா. சாமுவேல். லேயா." லேயாவுக்கு ஆறு வயது என்றார். சுமலதாவால் அழுகையை அடக்க முடியவில்லை.

வாசலில் நின்ற பெரியண்ணன் தலையில் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தார். உள்ளே வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள். வேலியைத் தாண்டியதும் பெரியண்ணன் சுமலதாவின் பக்கம் திரும்பினார். வேலை போச்சு என்று அவள் நினைத்தாள்.

"துட்டி வீடுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன டீச்சரம்மா? மூணு வாரமா அவரு ஜன்னலுக்கு நேரா குத்துப்பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." அவர் மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த அஞ்சு பேரோட பேரையும் எழுதிக் குடுங்க, ஊரு மொத்தமும் வந்து கேக்கட்டும். அடுத்த வருசம் பத்தாப்பு வர்றதுகளுக்கும் நீங்கதான சொல்லிக் குடுக்கணும்."