சுடும் இடத்தில் கார்ட் கிடையாது

ரவுடி சவரியைச் சுட்டுக் கொன்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவனைப் பற்றிய பாட்டு ஒக்கலிபுரம் முதல் தொம்மலூர் வரை எல்லார் வாயிலும் புரண்டது. கண்டோன்மென்ட் டான்ஸ் பேண்டில் பியானோ வாசிக்கும் பிலோமினாவிடம், கிட்டார்காரன் பார்த்து வாசிக்க அந்தப் பாட்டுக்கு கார்ட், அதாவது சேர்த்து மீட்டும் சுரங்களின் குறிப்பு, எழுதித் தரச் சொன்னார் மாஸ்டர் ரெமீஜியஸ். சவரி அவளுடைய கூடப்பிறந்த தம்பி என்பது அவருக்குத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

பாட்டு வரிகளுக்கு மேலே ஸி, ஜி, எஃப் என்று கார்ட் மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனாள். பாட்டில் சவரி சிரித்துக்கொண்டே செத்தான். எழுதினவன் எந்தப் புண்ணியவானோ, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி!

"சுட்டான்னு வர்ற எடத்துல கார்ட் எழுதாதேம்மா. டிரம்முல ஒரே அடி. ஜனங்க கை தட்டுவாங்க" என்றார் மாஸ்டர்.

அந்த வார்த்தைக்கு மேலே ஒன்றும் எழுதாமல் விட்டாள்.

"அப்புறம் எவ்ளோ நேரம் சும்மா இருக்கணும், மாஸ்டர்?"

"ரெண்டு தட்டு போதும். ஆளு செத்தாச்சு, குஷியா முடிச்சிடலாம்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"போதாது மாஸ்டர். காலையில சுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் தண்ணி தண்ணின்னு என் மடியிலதான் கெடந்தான்."