பச்சைப் பட்டியல்

அந்த அலுவலகத்தில் புதிதாக வந்த செயற்கை நுண்ணறிவுக் கணினிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் பதிவு எழுத்தர். அவர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. பதினேழு வருடமாக ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்காத ஏசி அறை, அதற்கு வந்த வாரமே கிடைத்தது. அது கேட்டதை உடனே கொடுக்க வேண்டும். அது சொன்னதற்கு மறுபேச்சு கூடாது. போதாக்குறைக்கு மேலாளர் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்றார் எழுத்தர்.

தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்கு, முதியவர்களோ நடக்க முடியாதவர்களோ, வீட்டுக்கு உதவியாளரை அனுப்பும் அரசு அலுவலகம் அது. கள அலுவலர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, யாருக்கு என்ன தேவை என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் யாரை முதலில் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். இப்போது மாப்பிள்ளை செய்தது. திங்கட்கிழமை காலையில் பட்டியல் வரும். சிவப்பு வீட்டுக்கு இந்த வாரமே போக வேண்டும். மஞ்சளுக்கு இந்த மாதம். பச்சை என்றால் ஆறு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் மாப்பிள்ளையே வாரம் ஒருமுறை அந்த வீடுகளுக்குப் போன் போட்டு, தேன் ஒழுகும் ஒரு பெண் குரலில் மூன்று கேள்வி கேட்கும். சாப்பிட்டீர்களா? எங்காவது விழுந்தீர்களா? உதவிக்கு யாராவது வேண்டுமா?

கள அலுவலர்களில் மூத்தவரை எல்லோரும் 'குடை அக்கா' என்பார்கள். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. தீப்பெட்டி வாங்கினால்கூட உள்ளே குச்சி இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார். மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. முதலில் வேலையைக் குறைக்கும், பிறகு நம்மையே வீட்டுக்கு அனுப்பும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது என்ன தப்பு செய்யும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு மஞ்சள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், எதிரிலிருந்த பழைய குடியிருப்பை நிமிர்ந்து பார்த்தார். நான்காவது மாடிப் பால்கனியில் ஐந்து படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அது யார் வீடு என்று அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும், இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவியும். இரண்டே பேர்.

மறுநாள் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போனார். நான்கு விரிப்புகள். அதில் இரண்டு நேற்றுக் காய்ந்தவைதான்.

'ரெண்டு பேர் இருக்கற வீட்டுல தெனமும் எதுக்கு இத்தனை துவைக்கணும்?'

அலுவலகத்துக்கு வந்து எழுத்தரிடம் அந்த வீட்டைத் தேடச் சொன்னார். திரை முழுக்கப் பச்சை. ஆபத்து அளவு நூற்றுக்கு நான்கு.

"நாலுதானா?"

"நமக்கே பத்து இருக்கும் அக்கா" என்றார் எழுத்தர்.

மேலாளரிடம் போனார். முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், ஆனால் கையில் எப்போதும் ஏதாவது ஒரு வரைபடம் இருக்கும்.

"பச்சை வீட்டுக்கு ஏன் மேடம் போகணும்? சிவப்பே பதினோரு வீடு பாக்கி இருக்கு."

"துணி காயுது சார், அளவுக்கு மேல."

"துணி காயுறதெல்லாம் சிஸ்டத்துல ஒரு காரணமா போட முடியாதே மேடம்."

"அதான் சார் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு குடை அக்கா வெளியே வந்துவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் போனால் யாரும் கேட்க முடியாது.

லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. மூலைகள் மடங்கி, எழுத்து வெளுத்து, அந்த அட்டைக்கே வயசாகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடி ஏறினார். மூச்சு வாங்கியது. கதவைத் தட்டியதும் சங்கிலி போட்டபடியே ஒரு சாண் அகலம் திறந்தது. தம்பி மனைவியின் பாதி முகம் தெரிந்தது.

"நாங்க நல்லா இருக்கோம் மேடம்."

"நான் இன்னும் எதுவும் கேக்கலையேம்மா."

"கேக்கத்தானே வந்திருக்கீங்க? மாமா தூங்குறாரு. அப்புறம் வாங்க."

"ஒரு வாய் தண்ணி கிடைக்குமா? நாலு மாடி ஏறிட்டேன்."

தண்ணி கேட்ட ஆளை வாசலில் நிறுத்த அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. சங்கிலியைக் கழற்றினார். வலது மணிக்கட்டில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார். கூடத்தில் சோப்பு வாடையும், அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தன. குடை அக்கா முப்பது வருடமாக அறிந்த வாடை அது. படுக்கையிலிருந்து எழ முடியாத உடம்பின் வாடை.

அப்போதுதான் போன் அடித்தது. தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டார். தொண்டையைக் கனைத்து, கட்டையான ஆண் குரலில் பேசினார்.

"சாப்டேன். விழல. யாரும் வேணாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், குடை அக்கா கூடத்தில் நிற்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டவர் போல உறைந்து போனார்.  உள்ளறையிலிருந்து உண்மையான ஆண் குரல், நலிந்த குரல், கேட்டது.

"யாரும்மா வந்திருக்கிறது?"

குடை அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போனார்.

மெக்கானிக் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். இரண்டு காலும் செயலற்றுப் போயிருந்தன. முதுகில் கட்டியிருந்த துணியைக் குடை அக்கா லேசாக விலக்கிப் பார்த்தார். படுக்கைப் புண் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"எத்தனை நாளாச்சு?"

"கால் போயி பத்து மாசம். புண்ணு ரெண்டு மாசம்" என்றார் தம்பி மனைவி. "நான்தான் புரட்டிப் போடுவேன். இப்ப கை சுளுக்கிக்கிச்சு."

"ஏம்மா சொல்லல? உதவிக்கு ஆள் வேணுமான்னுதானே அது வாராவாரம் கேக்குது?"

அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டாவது மாடியில ஒருத்தங்க வேணும்னு சொன்னாங்க. பதினஞ்சு நாள்ல வண்டி வந்து காப்பகத்துக்குக் கொண்டு போயிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் இப்போ தனியா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. இவர் என் கூடப் பொறந்தவர் இல்ல, கட்டினவரும் இல்ல. எங்களைச் சேத்து வைக்கணும்னு உங்க மிஷினுக்குத் தோணுமா? நான் எதைச் சொன்னா அது எதை முடிவு பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

அது குடை அக்காவுக்கும் தெரியாது.

மெக்கானிக் மெல்ல முகத்தைத் திருப்பினார். "இந்த பில்டிங் லிஃப்ட்ட மாட்டினவன் நான்தான். இப்ப நான் கீழே போகணும்னா நாலு பேர் தூக்கணும்." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "நீங்க போன தடவை வந்தப்பவே நான் இப்படித்தான் கிடந்தேன் மேடம். கீழ நின்னு சத்தம் போட்டு விசாரிச்சீங்க. உங்க குரல் கேட்டுச்சு. மேல வருவீங்கன்னு பாத்தேன்."

குடை அக்காவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

வாஸ்தவம்தான். ஐந்து மாதத்துக்கு முன்பு வந்தார். லிஃப்ட் பழுது, முழங்கால் வலி. கீழே நின்று கூப்பிட்டார், தம்பி மனைவி பால்கனியிலிருந்து கையை ஆட்டி "நல்லா இருக்கோம்" என்றார். அதற்கு முந்தைய தடவையும் அப்படியே.

ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து நர்ஸை வரவழைத்தார். நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு முடிக்கும் வரை கூடவே நின்றார். பிறகு அலுவலகத்துக்குப் போனார். இந்தத் தடவை மாப்பிள்ளையை ஒரு கை பார்த்துவிடுவது என்று நினைத்துக்கொண்டேதான் போனார். மெக்கானிக் சொன்னது முள்ளாகக் குத்தினாலும், நூற்றுக்கு நான்கு என்று சொன்னது மாப்பிள்ளைதானே?

"எதை வச்சு அது நாலு போட்டுச்சுன்னு பார்க்க முடியுமா?"

"காரணப் பக்கம்னு ஒண்ணு இருக்கு அக்கா. யாரும் திறக்கிறதில்ல" என்று எழுத்தர் திறந்தார்.

மூன்று காரணங்கள் இருந்தன. போன் அழைப்புகளுக்கு உடனுக்குடன் பதில்: முக்கியத்துவம் நடுத்தரம். ஆஸ்பத்திரிப் பதிவு எதுவும் இல்லை: முக்கியத்துவம் நடுத்தரம். மூன்றாவது வரியை எழுத்தர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

'கள அலுவலர் நேரில் கண்டு எழுதிய அறிக்கைகள், கடைசி இரண்டும் குறை இல்லை. முக்கியத்துவம்: மிக அதிகம்.'

குடை அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த அலுவலகத்தில் மேலாளர் உட்பட யாரும் அவரை அந்த அளவுக்கு நம்பியதில்லை. மாப்பிள்ளை நம்பியிருந்தது. 'நேரில் கண்டேன்' என்று அவர் எழுதிய இரண்டு சொல்லை அப்படியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவர், தன் கையெழுத்தை மட்டும் ஆட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, இது வேற யாருக்கும் தெரிய வேண்டியதில்ல" என்றார் எழுத்தர் மெதுவாக. "போன்ல ஏமாத்திட்டாங்கன்னு எழுதிட்டா முடிஞ்சது."

அந்த யோசனை அவருக்கும் வராமலில்லை. தம்பி மனைவி குரல் மாற்றிப் பேசியதை எழுதினால் போதும். பழி அந்த அம்மா மேல் போகும், மிச்சம் மாப்பிள்ளை மேல் போகும். சுத்தமாகக் கை கழுவிவிடலாம்.

"திருத்தப் படிவத்தை எடுங்க" என்றார்.

மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். 'முந்தைய இரண்டு அறிக்கைகளும் தவறு. நான் மாடி ஏறவில்லை. யாரையும் நேரில் காணவில்லை. இதை எழுதியவள் நானே.'

"இன்னும் எத்தனை வீடு மேடம் இப்படி?" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. போன வாரம்தான் அவர் தலைமை அலுவலகத்தில் நூற்றுக்கு எண்பது வீடு பச்சை என்று படம் போட்டுக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"நான் ஏறாத மாடியா? ஒன்பது. மத்தவங்களுது எனக்குத் தெரியாது சார். நீங்கதான் கேக்கணும்."

மேலாளர் கேட்கவில்லை. குடை அக்காவுக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வந்தது, கோப்பில் ஏறியது. அவர் அறிக்கைகளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை இப்போது 'சரிபார்க்கவும்' என்று ஒரு குறி போட்டது. சக அலுவலர்களில் இரண்டு பேர் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தங்கள் படிக்கட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மெக்கானிக் வீட்டுக்குத் தினமும் நான்கு மணி நேரம் உதவியாளர் வந்தார். காப்பகம் வேண்டாம், இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று குடை அக்கா தனியாக ஒரு குறிப்பு எழுதி, மேலாளர் கையெழுத்துப் போடும் வரை அவர் மேசை முன்னாலேயே நின்று வாங்கிக்கொண்டார். அதை நேரில் கொண்டுபோய்க் காட்டியும் தம்பி மனைவி நம்பவில்லை. "இதை அது மாத்தாதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். "மாத்தினா நான் வந்து சொல்வேன்" என்றார் குடை அக்கா. வேறு உறுதி எதுவும் அவரிடம் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அந்த ஒன்பது வீடுகளுக்கும் ஏறினார். எட்டு வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மாப்பிள்ளை சொன்னது சரிதான் என்பது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒன்பதாவது வீடு, பார்வை மங்கிய ஓர் ஓய்வுபெற்ற தையல்காரம்மாவுடையது. பச்சை, நூற்றுக்கு மூன்று. கதவைத் திறந்தது நாற்பது வயது ஆண்.

"அந்த அம்மாவா? அவங்க காலி பண்ணி நாலு மாசம் ஆச்சே."

"அவங்க விட்டுட்டுப் போன லேண்ட்லைனுக்கு வாராவாரம் போன் வருதா?"

"வருது, வருது" என்றார் அவர் மலர்ந்த முகத்துடன். "ஒரு பொண்ணு எவ்வளவு பாசமா விசாரிக்குது தெரியுமா! சாப்டீங்களா, விழுந்தீங்களான்னு. ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லி வைப்பேன். இந்தக் காலத்துல யாருங்க அப்படிக் கேக்கறா?"

குடை அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. தையல்காரம்மா எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. மாடிமாடியாகக் கேட்டு, பழைய தையல் கடையில் கேட்டு, இரண்டு நாள் அலைந்து, நகரத்தின் மறுகோடியில் தங்கை வீட்டுப் பின்னறையில் கண்டுபிடித்தார். தையல்காரம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நலமாகத்தான் இருந்தார், ஆனால் நல்ல கோபத்தில் இருந்தார்.

"நாலு மாசம்! வீடு மாறிட்டேன்னு ஆபீசுக்கு மூணு லெட்டர் போட்டேன். ஒருத்தராவது வந்து எட்டிப் பாத்தீங்களா? இருக்கேனா செத்தேனான்னுகூடக் கேக்கலையே?"

வாரம் தவறாமல் கேட்டார்கள், வேறு ஒருவர் பதில் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? குடை அக்கா தரையில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டு, படிவத்தை மடியில் வைத்தார்.

"திட்டுங்கம்மா. முழுசாத் திட்டி முடிங்க. அப்புறம் உங்க கண்ணைக் காட்டுங்க, பாக்கணும்."