சிவகோத்திரத்து மொராஸ்

பொறாமை என்கிற குணம் எங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறையாகக் கிடையாது. நாங்கள் குடியிருக்கும் ஓர்ஸ் ஹில்லில் யாரையும் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே, சுகிர்தனின் கண்களைப் பற்றி நான் சொல்லப்போவது முழுக்க ஆராய்ச்சி நோக்கிலானது.

அவை பூனைக்கண்கள். கம்பஸில் எவரும் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. பிறகு, எங்களோடு படிக்கும் லோஜினி தன் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு பிரெஞ்சுச் சிப்பாயைத் தெரிவுசெய்தாள். பெயர் எத்தியேன் மொராஸ். பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டையைப் பிடித்த காலத்தில் வந்தவன். கப்பல்கள் திரும்பியபோது காய்ச்சலில் கிடந்தவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் மீன் காயவைத்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டானாம். அவனுடைய சந்ததியைத் தேடிப் பிடிப்பதுதான் லோஜினியின் வேலை.

சுகிர்தன் சல்லிக்காரன். கண்ணும் அப்படி. அன்றோடு கன்டீனில் அவள் பக்கத்துக் கதிரை அவனுக்கானது. அந்தக் கதிரைக்காக நான் எடுத்த முயற்சிகளை இங்கே விபரிப்பது தற்புகழ்ச்சியாகிவிடும்.

அவள் அவன் மூக்கைப் பக்கவாட்டில் படம் பிடித்தாள். முன்பெல்லாம் அவன் பேக்கரிப் பாணைப் பருப்பில் தோய்த்துத் தின்றால் பசி என்பார்கள். இப்போது அதற்குப் பெயர் பரம்பரைப் பழக்கம். கண்தான் சாட்சி என்றால் எங்கள் வீட்டுப் பூனைக்கும் பிரான்ஸ் விசா கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். லோஜினி சிரிக்கவில்லை. சுகிர்தன் சிரித்தான். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாத சுகிர்தன் வருடாவருடம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவன். இம்முறை மொராஸின் பெயரையும் சேர்க்கப் போகிறானாம், லோஜினி படம் எடுக்க வருவாளாம். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கு, அதுவும் ஒரு பெட்டைக்காக எள் இறைக்க மானமுள்ள ஒருவன் போவானா என்று கன்டீன் முழுக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

ஐயர் பெயர்களைக் கேட்டார். சுகிர்தன் தகப்பன் பெயரைச் சொன்னான், பாட்டன் பெயரைச் சொன்னான், பிறகு எத்தியேன் மொராஸ் என்றான். ஐயர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"கோத்திரம்?"

சுகிர்தன் லோஜினியைப் பார்த்தான்.

"தெரியாட்டில் சிவகோத்திரம்," என்று சொல்லிவிட்டு ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். இருநூற்றுச் சொச்ச வருடம் கழித்து ஒரு கத்தோலிக்கச் சிப்பாய் அரை நிமிடத்தில் சைவனானான்.

லோஜினியின் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இவன்ர பக்கம் சரி. மொராஸுக்கு இன்னொரு மகனும் இருந்தவனாம். திரியாயில போய்க் கலியாணம் கட்டினவன். அந்தப் பக்கத்தில எனக்கு ஒருத்தரும் கிடைக்கேல்ல."

"எங்கட அம்மா திரியாய்," என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்வதில் பிழையில்லை.

முதன்முறையாக என் கண்களை உற்றுப் பார்த்தாள். அவை சாதாரணக் கறுப்பு. பார்வை அப்படியே காதுக்குப் போனது.

"காது கொஞ்சம் வித்தியாசமாத்தான் கிடக்கு," என்று அதைப் படம் பிடித்தாள். ஈர வேட்டியோடு நின்ற சுகிர்தன் தன் காதைத் தடவிப் பார்த்தான்.

ஜீன்ஸை முழங்கால்வரை மடித்துவிட்டு ஐயருக்கு முன்னால் போய் இருந்தேன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் வருபவர் அவர்தான். தர்ப்பையை நீட்டிய கை பாதியில் நின்றது.

"தம்பி, அப்பா சுகமாத்தானே இருக்கிறார்? வெள்ளிக்கிழமை கோயிலில கண்டனான்."

"ஓம் ஐயா. இது அவருக்கில்லை."

"அப்ப ஆருக்கு?"

சுகிர்தனுக்குக் கேட்காதபடி குனிந்து பெயரைச் சொன்னேன்.

ஐயர் எனக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற லோஜினியை ஒருமுறை பார்த்தார். "தகப்பன் இருக்கேக்க எள்ளுத் தொடக்கூடாது," என்றார். "தண்ணியை மட்டும் விடும்."

கையை நீட்டினேன்.