மாப்பிள்ளை அடங்கிய நாள்

எங்கள் ஆய்வகத்தில் வளரும் கல்லீரல் புற்றுச் செல்களுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவன் என் தம்பி. வேளாவேளைக்குச் சாப்பாடு, இதமான சூடு, அதற்கும் மேல் முறுக்கு. தனக்கும் அதே நோய் என்று தெரிந்த பிறகு வைத்த பெயர். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மாப்பிள்ளை இருந்த இடத்தில் இருக்கமாட்டார். ஒரு நொதியைச் சுரந்து, சுற்றியுள்ள திசுச் சுவரைக் கரைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைவார். அந்த நொதிக்கான மரபணு நல்ல செல்லிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும். புற்றுச் செல்லில் ஒரு புரதம் அதன்மேல் போய் உட்கார்ந்து ஏவிவிடுகிறது. ஏவுகிறவனை அடக்கினால் நொதி நிற்குமா? அதுதான் என் வேலை. மாதக்கணக்காக மாப்பிள்ளை என்னை மதிக்கவே இல்லை.

அன்று ஞாயிறு மதியம். ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. செல்கள் சுரந்ததை ஜெல் என்னும் கூழ்த் தகட்டில் வரிசை வரிசையாக ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், நொதி இருக்கும் இடம் மட்டும் வெளுத்துவிடும். கழுவி, விளக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். சும்மா விட்ட செல்களின் வரிசையில் வெள்ளைக் கோடு. ஏவுகிறவனை அடக்கிய வரிசையில் முழு நீலம்.

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே. வீட்டில் எனக்கு யாரும் இல்லை. யோசிக்காமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், நின்னுடுச்சுடா!"

 "நிஜமாவாக்கா? ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

என் வாயில் சூடு போட வேண்டும். அவனுக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர் என் சிநேகிதி, ரிசல்ட்டை முதலில் என்னிடம்தான் சொல்வாள். அவன் அப்படி நினைத்ததில் என்ன தப்பு? ஆமாம் என்று சொன்னால் இன்று ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்குவான். சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இல்லடா. நின்னது மாப்பிள்ளைக்கு. தட்டுல இருக்கற செல்லுக்கு. மருந்துன்னு ஒண்ணு வருமான்னே இன்னும் தெரியாது. உன் ரிசல்ட் வரல."

"ஓ," என்றான். "அவராவது அடங்கினாரே."

"மன்னிச்சுடுடா."

"அதை விடு. போனை வச்சுடாதக்கா. பேச வேணாம், சும்மா இரு."

இருந்தேன். அவன் மூச்சு கேட்டது. அங்கே அவனும் தனி, இங்கே நானும் தனி.

"சாப்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"மாப்பிள்ளைக்கு மட்டும் வேளாவேளைக்குப் போடு," என்று திட்டினான்.

அதுவரை அழுகையை அடக்கி வைத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.