அண்ணனுக்காக உயர்த்திய கோடு

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். இறந்தவர்கள் தானமாகத் தந்த கணையங்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து அனுப்புவார்கள். சர்க்கரை நோயை ஆராய்கிறவர்களுக்காக அதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் சலிப்பது அவள் வேலை. செரிமான நொதியின் மரபணு அளவு ஒரு கோட்டைத் தாண்டினால், செல்களைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள். அந்த மாதிரியைத் தயவுதாட்சண்யமின்றித் தூக்கிவிடுவாள்.

ஆனால் ஒரு தொகுப்புக்கு மட்டும் அந்தக் கோட்டைச் சற்று உயர்த்தியிருந்தாள். நிரல் எழுதுகிறவன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அக்கா, இதுக்கு மட்டும் ஏன் சலுகை?"

மழுப்பத்தான் பார்த்தாள். வாய் வரவில்லை.

"அதுல ஒண்ணு எங்க அண்ணன்."

தானம் தந்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. வயது, நோய் வந்து எத்தனை வருடம், மாதிரி வந்த மாதம் எல்லாம் பொருந்தின. அண்ணனைக் கொடுக்கச் சம்மதித்தவள் அவள்தான். கொடுத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

அவன் அந்த வரிசையைத் திரையில் திறந்தான். "ஆணா பொண்ணான்னு சோதிச்சீங்களா?"

எல்லா மாதிரிக்கும் அவள் முதலில் செய்வது அதைத்தான். "எங்க அண்ணன் ஆம்பளையான்னு நான் சோதிச்சுப் பாக்கணுமாக்கும்?"

அவன் சோதித்தான். பெண்களிடம் மட்டும் முழுவீச்சில் இயங்கும் மரபணு கொடிகட்டிப் பறந்தது. ஆண் மரபணுக்கள் மருந்துக்கும் இல்லை. அடுத்த வரிசையில் 'பெண்' என்றிருந்ததில் எல்லாம் நேர்மாறு. எங்கேயோ ஒட்டும்போது இரண்டு குழாய்களுக்கும் சீட்டு மாறியிருக்கிறது.

அடுத்த வரிசையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். நொதி மிகக் குறைவு. அத்தனை சுத்தம். அண்ணனுக்கு யார் சிபாரிசும் தேவைப்பட்டிருக்கவில்லை. உயிரோடிருந்தபோதும் யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சீட்டுகளைத் திருத்தினாள். கோட்டைப் பழைய இடத்துக்கு இறக்க வேண்டியதுதான் பாக்கி. இறக்கினால் அந்தப் பெண் போய்விடுவாள். இத்தனை நாள் அண்ணன் என்று இவள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது அவளைத்தான்.

"நான் பண்ணட்டுமாக்கா?"

"வேண்டாம்." கோட்டை இறக்கினாள். வரிசை மறைந்தது.

"அவங்களக் கொடுத்ததும் ஒரு தங்கச்சியாத்தான் இருந்திருக்கும்," என்றாள்.